கடனோடு கரையேறும் தொழிலாளி
(பிரிக்பீல்ட்ஸ் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பால்மரம் வெட்டுகிறவர்களும் கிராணிமார்களும் கூடிய இக்கூட்டத்தில் வங்காளதேசத்தானைப் பற்றியும் நேபாளத்தானைப் பற்றியும் ஏன் பேச்சு என்று சிலர் முணுமுணுப்பது காதில் விழுகிறது. "அவன் வந்ததால்தான் நம் சம்பளம் ஏறவில்லை" என்கிறோம். அந்தக் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் குறைந்த கூலிக்கு அவனை அடங்கிக் கிடக்க வைப்பது எது? கடன்!

நம் பாட்டன்மார் எப்படி வந்தார்கள்? கங்காணி கொடுத்த முன்பணமும் கப்பல் செலவும் கணக்கில் ஏற, தோட்டத்தில் கால் வைக்கும்போதே கடன்காரர்களாக நின்றார்கள். 1907-ல் தமிழர் குடியேற்ற நிதி ஏற்பட்டது. தமிழ்த் தொழிலாளிகளை வேலைக்கு வைத்த முதலாளிமார் அதற்கு வரி கட்டினார்கள். அந்தப் பணத்தில் ஆட்கள் கப்பலேறினார்கள். துரைமார் இரக்கப்பட்டுச் செய்த காரியமல்ல இது. ரப்பருக்கு ஆள் வேண்டியிருந்தது, செய்தார்கள். 1930-ல் ரப்பர் விலை விழுந்ததும் பல்லாயிரம் பேரைக் கப்பலில் திருப்பி அனுப்பியவர்களும் அவர்களே. என்றாலும், கப்பல் செலவு முதலாளியைச் சேர்ந்தது என்ற முறை அன்றே வந்துவிட்டது.

இனி 2020-க்கு வாருங்கள். கொரோனா நோய் பரவி, மார்ச் 18 முதல் நாடே வீட்டுக்குள் அடைந்தது. கையுறைத் தொழிற்சாலைகள் மட்டும் ஓய்வின்றி ஓடின. உலகத்து ஆஸ்பத்திரிகளுக்கெல்லாம் கையுறை தேவைப்பட்டதே! கிள்ளான் மேருவில் பல தொழிற்சாலைகளை நடத்தும் டாப் குளோவ் கம்பெனி, 2021 ஆகஸ்டில் முடிந்த ஓராண்டில் 700 கோடி வெள்ளிக்கு மேல் இலாபம் கண்டது. அந்தக் கையுறைகளைச் செய்தவர்கள் நெருக்கியடித்த விடுதிகளில் படுத்தார்கள். 2020 நவம்பரில் ஆயிரக்கணக்கானோருக்கு நோய் கண்டது. 28 தொழிற்சாலைகளைக் கட்டம் கட்டமாக மூட அரசாங்கம் உத்தரவிட்டது. தோட்டத்து லயன்களுக்கு 1990-லேயே இருந்த குடியிருப்புச் சட்டம், அந்த விடுதிகளை எட்டியது 2020 ஜூனில்தான்.

கடன் கதையையும் கேளுங்கள். ஊரில் ஏஜெண்டுக்குக் கடன் வாங்கிக் கட்டிவிட்டு வந்தவர்கள் அவர்கள். 2020 ஜூலையில் அமெரிக்கச் சுங்க இலாகா அக்கம்பெனியின் கையுறைகளைத் தடுத்தது. அதன் பிறகே கம்பெனி ஏஜெண்டுக் கட்டணத்தைத் தொழிலாளிகளுக்குத் திருப்பித் தரத் தொடங்கியது. தொகை 13 கோடி வெள்ளியைத் தாண்டியது. வாங்குகிறவன் கதவை அடைத்தான், பணம் வந்தது. நம் சங்கங்கள் அடைக்கவில்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

அதே ஆண்டு மே தினத்தன்று, இங்கிருந்து எட்டும் தூரத்தில், மஸ்ஜித் இந்தியா வட்டாரத்தில் பத்திரமில்லாத தொழிலாளிகள் நூற்றுக்கணக்கில் பிடிபட்டார்கள். நோய் தணிந்து தொழில் நிமிர்ந்தபோதோ மறுபடியும் ஆள் வேண்டும் என்று கூக்குரல்! வந்தவர்களில் வேலையே கிடைக்காதவர்களும் உண்டு. 2023 டிசம்பரில் ஜொகூர் பெங்கெராங்கில் 171 வங்காளதேசத்தார் போலீசில் புகார் கொடுக்க நடந்தே போனார்கள். போன வழியில் அவர்களையே பிடித்தார்கள்.

ஆகவே நான் கேட்பது இரண்டு. ஆள் கொண்டுவரும் செலவு முழுவதும் முதலாளியுடையது என்ற கோரிக்கை நம் அடுத்த சம்பள ஒப்பந்தப் பேச்சில் இடம்பெற வேண்டும். அயல்நாட்டுத் தொழிலாளி சங்கத்தில் சேரச் சட்டம் தடையாக இல்லை. எனவே கிராணி நண்பர்கள் அங்கத்தினர் பாரத்தை வங்காளத்திலும் நேபாளியிலும் அடித்துக் கொடுங்கள். பெரட்டுக் களத்தில் அதை அவர்கள் கையில் சேர்ப்பது எங்கள் பொறுப்பு.