ஓடும் கந்தையும் காரும்



ஆனித் திருமஞ்சனப் பெருவிழாவில் ஆடவல்லான் தேரேறி வீதியுலா வரக் கண்டு களித்திருக்கும் உங்கள் முன்னிலையில், என் வீட்டுக் காரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன் என்றால் நகைப்பீர்கள். ஆயினும், சென்ற ஆண்டு கடலூரில் என் இல்லத்து வாசலில் நேர்ந்த ஒரு சிறு கேடுதான், இத்தில்லைப் பதியில் வாழ்ந்த திருநீலகண்ட நாயனாரின் வரலாற்றை மறுபடி எடுத்துப் படிக்கும்படி என்னைச் செய்தது. ஆகவே பொறுத்துக் கேட்டருளுங்கள்.

அக்காரைக் கழுவித் துடைக்க மாதச் சம்பளத்துக்கு ஓர் இளைஞர் வந்துகொண்டிருந்தார். கடற்காற்றோடு வரும் நுண்மணல் ஒருபுறம், வேப்பமரத்துக் காக்கைகளின் எச்சம் ஒருபுறம். ஒரு நாள் எச்சம் காய்ந்து இறுகியிருந்தது. “போகும்வரை நன்றாகத் தேய்த்துவிடு, தம்பி” என்று சொல்லிவிட்டு நான் பூசைக்கு உள்ளே சென்றேன். திரும்பி வந்து பார்த்தால், பானெட்டின்மேல் ஒரு சாண் அகலத்துக்குப் பெயின்ட் கீறிக் கிடந்தது. பாத்திரம் துலக்கும் கம்பி நாரால் தேய்த்திருக்கிறார்! நீறணிந்த நெற்றியோடு, சொல்லத்தகாத சொல்லொன்றைச் சொன்னேன். அந்தப் பிள்ளை வாய் திறக்கவில்லை. மறுநாள் வரவில்லை, அதற்கு மறுநாளும் வரவில்லை. இருபது நாள் உழைத்த சம்பளம் என் கையில் இருந்தது; அதைக் கேட்கவும் வரவில்லை.

இனி, சேக்கிழார் பெருமான் உரைத்தருளும் வரலாற்றுக்கு வருவோம். திருநீலகண்டர் குயவர் குலத்தவர். அடியவர்க்குத் திருவோடு வனைந்தளிப்பதைத் தொண்டாகக் கொண்டவர். இளமையில் அவர் செய்த பிழை பொறாத மனைவியார், திருநீலகண்டத்தின்மேல் ஆணையிட்டு, தம்மைத் தீண்டலாகாது என்றார். நாயனார் எம்மாதரையும் மனத்தாலும் தீண்டேன் என்று உறுதி பூண்டார். இருவரும் ஒரே இல்லில் இருந்து, அயலறியாது மூப்பெய்தினர். அந்நாளில் சிவயோகியாராய் வந்த இறைவன், ஓடொன்றைக் கொடுத்து, “இது கிடைத்தற்கரியது, யாம் கேட்கும்போது தருக” என்று அடைக்கலம் வைத்துச் சென்றான். பின்னொரு நாள் வந்து கேட்டான். வைத்த இடத்தில் ஓடு இல்லை!

நாயனாரின் நிலையை எண்ணிப் பாருங்கள். தேடுகிறார், வீட்டாரைக் கேட்கிறார், காணோம். பழையதினும் நல்லதாக வேறோர் ஓடு தருகிறேன் என்று கைகுவிக்கிறார். யோகியாரோ, பொன்னாலே செய்து தந்தாலும் வேண்டேன், என் மண்ணோடே வேண்டும் என்கிறார். திருடன் என்றும் சொல்லிவிடுகிறார். ஆனால் ஒன்று கவனியுங்கள். வழக்குத் தொடுத்தவன் ஈசனே ஆயினும், அவன் தானே தீர்ப்புச் சொல்லவில்லை. தில்லைவாழ் அந்தணர் அவையில் முறையிட்டான். அவையோர் இருவர் சொல்லையும் கேட்டார்கள். மனைவியின் கைப்பற்றிக் குளத்தில் மூழ்கிச் சத்தியம் செய்யும்படி சொன்னார்கள். கைப்பற்ற இயலாமையால் மூங்கிற்கோலின் இரு முனைகளை இருவரும் பற்றினர், யோகியார் விடவில்லை. அதன்பின் நாயனார் தம் பழைய பிழையை ஊரறிய எடுத்துரைத்து மூழ்கினார். இளமை பெற்று இருவரும் எழுந்தனர். இங்கே இளமையாக்கினார் திருக்கோயிற் குளத்தைக் கண்டிருப்பீர்கள், அதுவே அவ்விடம்.

இந்த இடத்தில்தான் என் முகத்தில் அறைந்தாற்போல் இருந்தது. இறைவனே அவைக்குச் சென்றான். நானோ வழக்காளியும் நானே, நீதிபதியும் நானே என்று வாசற்படியில் நின்றேன். சட்டமும் அப்படி நடக்கச் சொல்லவில்லை. 1936ஆம் ஆண்டுச் சம்பளப் பட்டுவாடாச் சட்டத்தை வகுத்தவர்கள், பொருட்சேதத்துக்காகத் தொழிலாளியின் ஊதியத்தில் பிடித்தம் செய்வதானால், அது இழப்பின் அளவை மீறலாகாது, அவர் தம் பக்கத்தைச் சொல்ல வாய்ப்பளித்த பின்னரே செய்ய வேண்டும் என்று எழுதினார்கள். என் வீட்டு வாசல் தொழிற்சாலையன்று. எனினும் நியாயம் இடத்துக்கு இடம் மாறுமா?

வாட்டர் சர்வீஸ் நிலையத்தில் வண்டியை விட்டு வந்தால் நிலை வேறு. அது அடைக்கலப் பொருள். 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 151ஆம் பிரிவு, சாதாரண அறிவுள்ள ஒருவன் தன் சொந்தப் பொருளைப் பேணுவதுபோல் பிறன் பொருளையும் பேண வேண்டும் என்கிறது. அவ்வாறு பேணியும் கேடு நேர்ந்தால், வேறு உடன்பாடு இல்லாதவரை அவன் பொறுப்பாளி அல்லன் என்கிறது 152ஆம் பிரிவு. எனவே அங்கே நாம் கேட்க வேண்டிய கேள்வி, ‘எப்படிப் பேணினீர்கள்?’ என்பதே. வண்டியை வெளியே எடுக்கும் முன் சுற்றிப் பார்த்து, சேதத்தைப் படமெடுத்து, நிலையத்தாரிடம் அப்போதே சொல்லிவிட வேண்டும். மூன்று நாள் கழித்துச் சொன்னால் யார் நம்புவார்?

காப்பீடு இருக்கிறதே என்பீர்கள். 1500 சி.சி.க்கு மேற்படாத காராயின் இழப்பில் முதல் 1000 ரூபாய் நம்முடையது. அதோடு, இழப்பீடு கேட்காத ஆண்டுகளுக்காக 20 விழுக்காட்டில் தொடங்கி 50 விழுக்காடு வரை வளரும் பிரீமியத் தள்ளுபடியும் கைநழுவும். சிறு கீறலுக்கு அது கட்டுப்படியாகாது. நகத்தால் வருடிப் பாருங்கள்; நகம் தடுக்கவில்லையானால் பெரும்பாலும் பாலிஷிலேயே மறையும். நகம் சிக்கினால், தகடு தெரிந்தால், பெயின்ட் அடித்தே ஆகவேண்டும். கடலூர் உப்புக்காற்று துருவுக்கு நாள் கொடுக்காது.

நான்காம் நாள் அந்த இளைஞரின் வீட்டுக்குச் சென்றேன். அவர் தாயார் என்னைக் கண்டதும், “எவ்வளவு ஆகும், ஐயா?” என்று நடுங்கிய குரலில் கேட்டார். காஞ்சியில் திருக்குறிப்புத் தொண்டர் நினைவு வந்தது. அவர் கூலிக்கு வெளுத்தவர் அல்லர். ஆயினும் அந்திக்குள் தருவேன் என்று வாங்கிய கந்தை மழையால் உலராது போனதும், குளிரில் நடுங்கும் அடியவருக்கு என் செய்வேன் என்று, துணி துவைக்கும் கற்பாறையிலேயே தம் தலையை மோதினார். பாறையினின்றும் எழுந்து ஐயனின் கை தடுத்தது. பிறர் பொருளைக் கையில் வாங்கிய எளியவனின் அச்சம் அத்தன்மையது.

“என்ன நடந்தது, தம்பி?” என்று கேட்டேன். முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. அவர் தயங்கிச் சொன்னார்: “போகும்வரை தேய்க்கச் சொன்னீர்கள், ஐயா. துணியால் போகவில்லை. வாளியிலேயே நார் கிடந்தது. அதுதான் அதற்கு என்று நினைத்தேன்.” அந்த வாளி என் வீட்டு வாளி. அதில் நாரைப் போட்டு வைத்ததும் என் வீட்டார்தாம்.

இருபது நாள் சம்பளத்தை அவர் கையில் கொடுத்தேன். சொன்ன சொல்லுக்கு அவர் தாயார் முன்னிலையிலேயே வருத்தம் தெரிவித்தேன். பெயின்ட் செலவு என்னுடையதாயிற்று. இப்போது காருக்கென்றே தனி வாளியும் மெத்தென்ற துணியும் வைத்திருக்கிறோம். எச்சத்தின்மேல் ஈரத்துணியைச் சிறிது நேரம் போட்டு ஊறவைத்தால் தானே இளகுகிறது. முதலில் மேலிருந்து தண்ணீர் விட்டு மணலைப் போக்கிய பின்பே துணி படுகிறது. இவற்றையெல்லாம் அவருக்குச் சொல்லிக்கொடுக்க எனக்குக் கால் மணி நேரங்கூட ஆகவில்லை. இன்று காலை தேர் காண நான் புறப்பட்டபோது, அவர்தாம் வண்டியைத் துடைத்து வாசலில் நிறுத்தியிருந்தார்.