பருவுக்குப் பயந்து முட்டையை நிறுத்தாதீர்கள்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது)



சேமிப்பு, கடன், தவணை எல்லாம் பேசி முடிச்சாச்சு. இப்போது பத்து நிமிடம் நம்ம வீட்டு வயசுப் பிள்ளைகளைப் பற்றிப் பேசுவோம்.

போன மாதம் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தோம். கூட்டம் முடிந்ததும் ஓர் அக்கா தனியாகக் கூப்பிட்டார். "ஏனுங்க மேடம், எங்க பாப்பா பதினொண்ணாவது படிக்கறா. மூஞ்சியெல்லாம் பரு. பள்ளிக்கூடம் போகவே மாட்டேங்கறா. சூடுன்னு முட்டையை நிறுத்திட்டோம், கடலையை நிறுத்திட்டோம், பள்ளிக்கூடத்துல குடுக்கற சத்து மாத்திரையும் வேண்டாம்னுட்டோம். ஒண்ணும் கேக்கலீங்க" என்றார்.

"அப்ப பாப்பா என்னதான் சாப்பிடறா?" என்று கேட்டோம். காலையில் இனிப்பு டீ, நாலு பிஸ்கெட். சாயந்திரம் பேக்கரி பன், கலர். ராத்திரி கொஞ்சம் சோறு, ரசம். விட வேண்டியதை வைத்துக்கொண்டு, வைக்க வேண்டியதை விட்டிருக்கிறார்கள். அன்றைக்கு அந்த அக்காவிடம் சொன்னதைத்தான் இன்று உங்கள் எல்லோருக்கும் சொல்கிறோம்.

பரு எப்படி வருகிறது? நம் தோலுக்குள் சின்னச் சின்ன எண்ணெய்ச் சுரப்பிகள் இருக்கின்றன. வயசுக்கு வரும் காலத்தில் ஹார்மோன் கூடுவதால் அவை அதிகமாக எண்ணெய் சுரக்கும். அந்த எண்ணெயும் செத்த தோலும் சேர்ந்து துவாரத்தை அடைக்கும். உள்ளே கிருமி பெருகி, சிவந்து, சீழ் வைக்கும். இது அழுக்கால் வருவதில்லை, பிள்ளை செய்த தப்பும் இல்லை. ஆண் பிள்ளைக்கும் வரும், பெண் பிள்ளைக்கும் வரும்.

இதில் சாப்பாட்டுக்கு என்ன பங்கு? சர்க்கரையும் மைதாவும் சாப்பிட்டால் ரத்தத்தில் சர்க்கரை சட்டென்று ஏறும். அதை இறக்க உடம்பு இன்சுலினை அதிகமாகச் சுரக்கும். இன்சுலின் கூடினால் எண்ணெய்ச் சுரப்பியைத் தூண்டும் ஹார்மோன்களும் கூடும். அடுப்பில் காய்ந்த ஓலையைப் போட்டால் குப்பென்று எரிந்து அடங்கும், விறகு போட்டால் நின்று எரியும். சர்க்கரையும் மைதாவும் ஓலை மாதிரி. பயறு, கீரை, கம்பு எல்லாம் விறகு மாதிரி.

இதை ஆய்வு செய்தும் பார்த்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில், பரு இருந்த 43 இளைஞர்களிடம் நடந்த ஆய்வின் முடிவு 2007-ல் வெளியானது. சர்க்கரையை மெதுவாக ஏற்றும் சாப்பாடும் புரதமும் சாப்பிட்டவர்களுக்கு 12 வாரத்தில் சராசரியாக 23 பருக்களுக்கு மேல் குறைந்தன. மற்றவர்களுக்குக் குறைந்தது 12தான். சின்ன ஆய்வு, ஆண்கள் மட்டும் என்றாலும் பிறகு வந்த சில ஆய்வுகளும் இதையே காட்டின. பப்புவா நியூ கினியாவில் உள்ள கிட்டாவா தீவில், கிழங்கும் பழமும் மீனும் தேங்காயும் சாப்பிட்டு வாழும் 1,200 பேரைப் பார்த்த டாக்டர், ஒருவருக்குக்கூடப் பரு இல்லை என்றார். 2002-ல் அது வெளிவந்தது. அவர்களுடைய பரம்பரையும் வாழ்க்கை முறையும்கூடக் காரணமாக இருக்கலாம். ஆனாலும் பிஸ்கெட்டும் கலரும் அவர்கள் சாப்பாட்டில் அநேகமாக இல்லை.

நம்ம ஊருக்கு வருவோம். சேலம் ஜவ்வரிசி பேர் போனதுதான். ஆனால் கிழங்கிலிருந்து மாவுச்சத்தை மட்டும் பிரித்தெடுத்துச் செய்வது அது. பாயாசமாக வைத்தால் சர்க்கரையும் சேர்கிறது. விசேஷத்துக்கு வைத்துக்கொள்வோம். "நாங்க வெள்ளைச் சர்க்கரை போடறதில்லைங்க, பரமத்தி வேலூர் வெல்லந்தான்" என்பார்கள் சிலர். வெல்லமும் ரத்தத்தில் சர்க்கரையாகத்தான் ஏறும். ஒரு நாளைக்குச் சர்க்கரை, வெல்லம் எல்லாம் சேர்த்து 6 டீஸ்பூனுக்குள் இருந்தால் நல்லது. 250 மில்லி கலர் ஒன்றிலேயே ஏறக்குறைய அவ்வளவும் இருக்கிறது.

அப்போ முட்டை? முட்டையால் பரு வரும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. நாமக்கல் முட்டை கப்பலேறி வெளிநாடு போகிறது. நம்ம பிள்ளை தட்டில் மட்டும் இல்லை என்றால் எப்படி? சத்துணவில் 1989-ல் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை என்று தொடங்கி, 2010-ல் வாரத்துக்கு 5 முட்டை ஆனது. வளரும் பிள்ளைக்குப் புரதம் வேண்டும் என்பதற்காகத்தான் அது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை. இந்த நிலையில் சூடு என்று சொல்லி முட்டையையும் சத்து மாத்திரையையும் நிறுத்தினால், பருவும் போகாது, பிள்ளைக்கு ரத்தமும் ஊறாது.

இன்னொரு முக்கியமான விஷயம். அந்த அக்கா மருந்துக் கடையில் கேட்டு ஒரு கிரீம் வாங்கி வைத்திருந்தார். பத்து நாளில் முகம் பளிச்சென்று ஆனதாம். பிறகு சிவந்து, முன்னைவிட அதிகமாகப் பரு வந்திருக்கிறது. டியூபைத் திருப்பிப் பார்த்தோம். பீட்டாமெத்தசோன் என்று இருந்தது. அது ஸ்டீராய்டு. குளோபெட்டசால் என்பதும் அதே வகைதான். டாக்டர் சொல்லாமல் முகத்தில் தொடர்ந்து போட்டால் தோல் மெலிந்து போகும், முடி முளைக்கும், பரு கூடும். இந்த மாதிரி ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று 2018-ல் மத்திய அரசு உத்தரவு போட்டிருக்கிறது. கடைக்காரர் கொடுத்தாலும் நாம் வாங்கக் கூடாது. ஏற்கெனவே போட்டுக்கொண்டிருந்தால் உடனே டாக்டரிடம் காட்டி, அவர் சொல்கிறபடி நிறுத்துங்கள்.

வீட்டில் என்ன செய்யலாம்?

காலையில் பிஸ்கெட்டுக்குப் பதில் கம்மஞ்சோறும் மோரும், இல்லாவிட்டால் இட்லியோடு நிறையப் பருப்பு சாம்பார் கொடுங்கள். சாயந்திரம் பன்னுக்குப் பதில் தட்டைப்பயறோ பாசிப்பயறோ சுண்டல், இல்லை ஒரு கொய்யாப்பழம். சோற்றை நிறுத்தச் சொல்லவில்லை. கூடவே கீரையும் பருப்பும் கொஞ்சம் அதிகம் இருக்கட்டும். டீயில் சர்க்கரையைப் பாதியாக்குங்கள். முட்டையும் சத்து மாத்திரையும் தொடரட்டும். பருவைக் கிள்ள வேண்டாம், தழும்பாகிவிடும். முகத்தில் தேங்காய் எண்ணெய் தடவ வேண்டாம், துவாரம் அடைத்துக்கொள்ளும்.

சாப்பாட்டை மாற்றினால் ஒரே வாரத்தில் பரு போய்விடாது. மூன்று மாதம் பொறுக்கணும். சாப்பாடு ஒரு பங்குதான், எல்லாருக்கும் ஒரே மாதிரி கேட்கும் என்றும் சொல்ல முடியாது. பரு சீழ் வைத்துப் பெரிதாக இருந்தாலோ, மாதவிலக்கு தள்ளித் தள்ளிப் போய் முகத்தில் முடியும் வளர்ந்தாலோ, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போங்கள். மருந்து இருக்கிறது.

கடைசியாக ஒன்று. "இந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு எவன் கட்டுவான்" என்று விளையாட்டுக்குக்கூடச் சொல்லாதீர்கள். பருவைவிட அந்தச் சொல்தான் ஆழமாக இறங்கும். அந்தப் பாப்பா பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டதே வீட்டில் கேட்ட பேச்சினால்தான். இப்போது பக்கத்து வீட்டுத் தோழியோடு மறுபடியும் போய்க்கொண்டிருக்கிறாள். பரு இன்னும் முழுதாகப் போகவில்லை. ஆனால் மதியம் முட்டை சாப்பிடுகிறாள்.

அடுத்த குழுக் கூட்டத்தில், உங்கள் வீட்டில் ஒரு நாளைக்கு எத்தனை டீஸ்பூன் சர்க்கரை ஆகிறது என்று ஒவ்வொருவரும் கணக்குப் பார்த்துச் சொல்லுங்கள். கடன் கணக்கை இவ்வளவு சரியாக வைக்கிற நமக்கு இது பெரிய வேலையா?