கிழித்துப் போட்ட சீட்டு



மதுரையில் தமுக்கத்துக்குப் பக்கத்தில் இருக்கிற காந்தி அருங்காட்சியகத்தில், அவர் சுடப்பட்டபோது உடுத்தியிருந்த ரத்தக்கறைத் துணியை நாமெல்லாம் பள்ளிப் பருவத்தில் வரிசையில் நின்று பார்த்தவர்கள்தான். இன்று நான் பேசவந்த காந்திக்கு வயது பதினைந்து. கடனை அடைக்க அண்ணன் கைக்காப்பில் கொஞ்சம் தங்கத்தை வெட்டி எடுத்துவிட்டான் பையன். மனசு அறுத்தது. நேரில் சொல்ல நா எழவில்லை. ஒரு சீட்டில் எழுதி, பவுத்திரத்தால் படுத்திருந்த அப்பாவிடம் நீட்டினான். திட்டுவார், தலையில் அடித்துக்கொள்வார் என்று நினைத்திருந்தான். அவர் எழுந்து உட்கார்ந்து படித்தார். கண்ணீர் சீட்டை நனைத்தது. கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி படுத்துக்கொண்டார். 'சத்திய சோதனை'யில் வருகிறது இது.

எதிர்பார்த்தது ஒன்று, நடந்தது வேறு. 1960களில் ஃபிலடெல்ஃபியாவில் ஆரன் பெக் வளர்த்தெடுத்த சி.பி.டி. என்ற மனநலச் சிகிச்சை கைவைப்பது இந்த இடத்தில்தான்: இப்படித்தான் ஆகும் என்று மனசு போடும் கணக்கை எழுதிவைத்து, நடந்ததோடு ஒப்பிட்டுப் பார்ப்பது.

பொய் சொல்லும் பிள்ளைகளிடமும் இதைத்தான் செய்து பார்க்கிறேன். ஓயாமல் பொய் சொல்வதற்கு 1891லேயே ஜெர்மன் மொழியில் எழுதிய டெல்ப்ரூக் என்ற மருத்துவர் பெயர் வைத்துவிட்டார். ஆனாலும் நோய்ப் பட்டியலில் அது இன்றுவரை தனி நோய் இல்லை. பின்னால் பயமோ, கவனக்குறைவுக் கோளாறோ, வேறெதுவோ இருக்கலாம். ஆகவே பிள்ளைக்குப் 'புளுகுணி' என்று பட்டம் கட்டாதீர்கள்.

மேலூர்ப் பக்கத்துப் பையன் ஒருவன். அடையாளங்களை மாற்றித்தான் சொல்கிறேன். "வாயத் திறந்தாலே பொய்தான் சார்" என்று அப்பா என்னிடம் சிகிச்சைக்குக் கூட்டிவந்தார். அவர் ஓட்டுவது குட்டியானை. பள்ளிக்கூடத்தில் பையன் சொல்லிவைத்தபடியோ அப்பா சிங்கப்பூரில் இருக்கிறார். ஒரு நோட்டில் கட்டம் போட்டுக் கொடுத்தேன். என்ன நடந்தது, மனசில் என்ன ஓடியது, என்ன சொன்னாய், உண்மையைச் சொல்லியிருந்தால் என்ன ஆகும். கடைசிக் கட்டம் முழுக்க ஒரே வரி: "அப்பா பெல்ட்ட கழட்டுவாரு."

தப்பான எண்ணத்தைத் திருத்து என்கிறது பாடப்புத்தகம். இவன் எண்ணத்தில் தப்பே இல்லை, பெல்ட் நிஜம்! சிலப்பதிகாரத்தில் ஒரு பொற்கொல்லனின் பொய்யால் எரிந்த ஊர் நம் மதுரை. பொய் என்றாலே கை ஓங்கிவிடுகிறோம். தால்வர், காங் லீ என்ற உளவியல் ஆய்வாளர்கள் இருவரும் மேற்கு ஆப்பிரிக்காவில் செய்து 2011இல் வெளியிட்ட ஆய்வில், அடிக்கிற பள்ளியின் மூன்று, நான்கு வயதுக் குழந்தைகள் அடிக்காத பள்ளிக் குழந்தைகளைவிட அதிகமாகவும் கெட்டிக்காரத்தனமாகவும் பொய் சொன்னார்கள். அடி பொய்யை நிறுத்தவில்லை, பழக்கிவிட்டிருந்தது.

எனவே சிகிச்சையில் பாதி அப்பாவுக்கு. பையன் ஒரு சின்ன உண்மையைச் சொல்லவேண்டும். கேட்டுவிட்டு அவர் பத்து நிமிஷம் பேசக்கூடாது, கை நீட்டக்கூடாது. "பத்து நிமிஷமா? ரொம்ப நேரம் சார்" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஐந்துக்கு ஒப்புக்கொண்டோம்.

மளிகைக்குக் கொடுத்த காசில் பரோட்டா சாப்பிட்டதுதான் பையன் தேர்ந்தெடுத்த உண்மை. அடுத்த வாரம் நோட்டு வந்தது. 'என்ன ஆச்சு' என்று புதிதாக ஒரு கட்டம் அவனே போட்டிருந்தான்: "ஒண்ணும் சொல்லல. வண்டி கழுவப் போயிட்டாரு. வந்து, சால்னா நல்லாருந்துச்சான்னு கேட்டாரு."

பள்ளிக்கூடத்தில் மட்டும் அவர் அந்த வாரமும் சிங்கப்பூரில்தான் இருந்தார்.