போர்க்கொலையும் தலைவன் குற்றமும்
(நம் சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



இம்மாதக் கூட்டத்திற்கு நாம் எடுத்துக்கொண்ட பொருள் யுத்தத்தில் நிகழும் கொலையைப் பற்றியது. குழந்தைகளும் கூடியிருக்கும் சபையில் இது மங்கலமான பேச்சன்று என்று சிலர் கருதலாம். ஆயினும் சிங்கப்பூருக்கும் மலேயாவுக்கும் பிழைக்கச் சென்ற முன்னோரையுடைய குடும்பங்கள் நம்மிடையே உள்ளமையின், இதனை வெறும் ஏட்டுப் பேச்சென்று ஒதுக்குவதற்கில்லை.

கொலை பாதகம் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. ஆயின் போர்க்களத்தில் பகைவனைக் கொன்ற வீரனை எந்நாட்டாரும் பாதகனென்று தூற்றுவதில்லை. அவன் பட்ட இடத்தில் நடுகல் நட்டு வணங்கியவர் நம் முன்னோர். இவ்விரண்டும் எங்ஙனம் பொருந்தும்? ஆயுதமேந்தி எதிர்நிற்பவன் தானும் கொல்ல வல்லவன், கொல்லவே வந்தவன். அவனைக் கொல்லுதல் ஒரு வகை. ஆயுதத்தைக் கீழே வைத்தவன், காயம்பட்டுக் கிடப்பவன், வீட்டினுள் அஞ்சி ஒடுங்கிய பெண்டு பிள்ளைகள் ஆகிய இவர்களைக் கொல்லுதல் முற்றும் வேறு வகை. இவ்வேற்றுமை மேனாட்டார் நேற்றுக் கண்டுபிடித்ததன்று. பாரதப்போர் தொடங்குமுன் இருதிறத்தாரும் செய்துகொண்ட உடன்படிக்கையில், புறங்காட்டி ஓடுவோரையும் முரசறைவோரையும் தாக்கலாகாதென்று விதித்தனர். அவ்விதி பதினெட்டு நாளும் காக்கப்படவில்லை என்பதும், இரவிற் பாசறை புகுந்து உறங்கினோரைக் கொன்ற அசுவத்தாமன் எத்தகைய சாபத்துக்கு ஆளானான் என்பதும் நீங்கள் அறிந்தனவே. நிற்க.

வாளேந்திய கையின் குற்றத்தை அறிதல் எளிது. தலைவன் செய்தியோ அத்துணை எளிதன்று. கொலை நிகழ்ந்த இடத்தில் அவன் இல்லை. பல காத தூரத்தில் ஒரு மேஜைக்கு முன் அமர்ந்திருக்கிறான். அவன் எப்பொழுது குற்றவாளியாகிறான்? இதனை உரைத்துப் பார்ப்பதற்கு ஜப்பானியச் சேனாதிபதி யாமஷிதாவின் வரலாற்றைப் போன்ற உரைகல் வேறொன்றை நாம் கண்டதில்லை.

1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூரைக் கைப்பற்றியவர் இவரே. நகரம் வீழ்ந்த சில தினங்களுக்குள், அவருடைய 25ஆம் சேனை சீன ஆடவரைக் கூட்டங் கூட்டமாக நிறுத்திச் சோதித்தது. பகைவர்க்கு உதவியவர் என்று ஐயுற்றவர்களை லாரிகளில் ஏற்றிக் கடற்கரைக்குக் கொண்டுபோய்ச் சுட்டனர். இறந்தவர் ஐயாயிரவர் என்பது ஜப்பானியர் பக்கத்தார் ஒப்பிய தொகை. பன்மடங்கு மிகுதி என்பது சீனர் கூற்று. 1947இல் சிங்கப்பூரில் நடந்த விசாரணையில் எழுவர் நிறுத்தப்பட்டனர். இருவர் தூக்கிலிடப்பட்டனர், ஐவர்க்கு ஆயுட்சிறை. தூக்கிலேறிய கவாமுரா, தாம் மேலிடத்து ஆக்ஞையை நிறைவேற்றியதாகவே வாதித்தார். அம்மேலிடம் யாமஷிதாவின் தலைமைச் செயலகம். இத்திட்டத்தின் மூளையாயிருந்தவர் என்று கருதப்படும் த்ஸுஜி என்ற அதிகாரியோ தலைமறைவாகித் தப்பி, பின்னர் 1952இல் ஜப்பானியப் பாராளுமன்றத்தில் அங்கத்தினராகவும் அமர்ந்தார்!

யாமஷிதா 1947இல் எங்கேயிருந்தார் என்று கேட்பீர்கள். அவரை அதற்கு முன்பே தூக்கிலிட்டாயிற்று. ஆனால் சிங்கப்பூருக்காக அன்று, மணிலாவுக்காக.

1944 அக்டோபரில் அவர் பிலிப்பைன்ஸ் தீவுகளுக்குத் தளபதியாக வந்தார். மணிலா நகரைக் காத்தல் இயலாதென்று கண்டு, படைகளை விலக்கிக்கொண்டு மலைநாடு சேர்ந்தார். இவாபுச்சி என்ற கடற்படை அதிகாரி அவ்வாறு விலகாது நகரிலேயே நின்று போரிட்டார். 1945 பிப்ரவரியில் ஒரு மாத காலத்தில், கடற்படையினரின் வெறியாட்டத்தாலும் அமெரிக்கரின் பீரங்கிக் குண்டுகளாலும் ஏறக்குறைய ஒரு லட்சம் நகர மாந்தர் மாண்டனர். யாமஷிதா அப்பொழுது தொலைவில் மலைகளிலிருந்தார். அவர்மீது சாட்டப்பட்ட குற்றம், கொல்லும்படி ஆணையிட்டார் என்பதன்று. தம் படையினரை அடக்கும் கடமையில் தவறினார் என்பதே. விசாரித்தவர் ஐந்து அமெரிக்கத் தளபதிகள். ஐவருள் ஒருவரும் சட்டம் பயின்று தொழில் செய்தவரல்லர். 1945 அக்டோபர் 29இல் தொடங்கிய விசாரணை டிசம்பர் 7இல் மரண தண்டனையோடு முடிந்தது. அந்நாள் பேர்ல் துறைமுகத் தாக்குதலின் நான்காம் ஆண்டு நிறைவு என்பதை எவரும் கவனிக்காமலிருந்திருக்க மாட்டார்கள்.

வழக்கு அமெரிக்க உச்ச நியாயஸ்தலத்துக்குச் சென்றது. 1946 பிப்ரவரி 4ஆம் நாள், பெரும்பான்மை நீதிபதிகள் தலையிட மறுத்தனர். மர்பி, ரட்லெட்ஜ் என்னும் இருவர் மாறுபட்டனர். சேனாதிபதிக்கும் சேனைக்கும் இடையிலுள்ள தொடர்பை அறுக்க நாமே இயன்ற அனைத்தும் செய்துவிட்டு, சேனையை அடக்கவில்லையே என்று அவரையே தண்டிப்பது என்ன நீதி என்ற கருத்தை மர்பி வற்புறுத்தினார். பிப்ரவரி 23ஆம் நாள் தூக்கு நிறைவேறியது.

கொலைகாரக் கூட்டத்தின் தலைவனுக்கு எந்தக் குற்றத்துக்காகத் தண்டனை கிடைத்தால் என்ன, கிடைத்ததே போதும் என்பார் நம்மிலும் உண்டு. நாம் அதற்கு உடன்படோம். சிங்கப்பூரில் ஆணை அவர் செயலகத்திலிருந்து பிறந்தது. அங்கே விசாரித்திருந்தால் வழக்கு திடமாக நின்றிருக்கும். மணிலாவில் அவர் என்ன அறிந்தார், அறிந்தபின் எதைத் தடுக்க வல்லவராயிருந்தார் என்ற இரண்டையும் அந்தச் சபை தெளிவாக நிலைநாட்டவில்லை. அவ்விரண்டுமின்றித் தலைவனைத் தண்டித்தல், அவன் தோற்றமைக்காகத் தண்டிப்பதேயாகும்.

இது வீண்பழியன்று. 1945 மார்ச் 9ஆம் நாள் இரவு டோக்கியோ நகரின்மேல் அமெரிக்க விமானங்கள் தீக்குண்டு பொழிந்தன. மரத்தாலும் காகிதத்தாலுமான வீடுகள் நெருங்கிய பகுதியே இலக்காகத் தெரிந்தெடுக்கப்பட்டது. ஓரிரவில் மாண்டவர் மணிலாவில் மாண்டவருக்குக் குறைந்தவரல்லர். இங்கே ஆணை உண்டு, அறிவு உண்டு, தடுக்கும் வல்லமையும் உண்டு, விசாரணைதான் இல்லை. டோக்கியோ நியாயசபையில் வங்காளத்து ராதாவினோத் பால் 1948இல் மாறுபட்டெழுதியது, வென்றோர் நீதி என்னும் இக்குறைபாட்டைக் கண்டே. ஜப்பானியர் செய்த கொடுமைகளை அவர் மறுத்தாரல்லர் என்பதை, அவரை மேற்கோள் காட்டுவோர் பலர் சொல்லாமல் விடுகின்றனர்.

பின்னும் ஒன்று. 1968 மார்ச் 16இல் வியட்நாமின் மைலாய் கிராமத்தில் அமெரிக்கச் சிப்பாய்கள் சில மணி நேரத்தில் கிழவரையும் குழந்தைகளையும் கொன்றனர். வியட்நாமியர் கணக்கில் 504 பேர். அப்படைப்பிரிவின் தலைவரான காப்டன் மெடினா மிக அருகிலேயே இருந்தார். 1971இல் அவரை விசாரித்த அமெரிக்க இராணுவ நியாயஸ்தலம், அவர் உண்மையில் அறிந்திருந்தார் என்று மெய்ப்பிக்கப்பட்டாலன்றித் தண்டித்தலாகாது என்ற அளவுகோலைக் கைக்கொண்டது. அவர் விடுதலையானார். மலைக்கப்பால் இருந்தவருக்கு ஒரு நீதி, வயலோரத்தில் இருந்தவருக்கு வேறொரு நீதி!

1998இல் ரோம் நகரில் இயற்றிய சர்வதேசச் சட்டம் நடுவழி கண்டது. படைத்தலைவன் அறிந்திருந்தாலும் குற்றம். அன்றைய நிலைமையில் அறிந்திருக்க வேண்டியவனாயிருந்தும் அறியாதிருந்தாலும் குற்றம். அமெரிக்காவும் நம் இந்தியாவும் அதில் இதுகாறும் சேரவில்லை. நம் அபிப்பிராயத்தில் அச்சட்டத்தின் இரண்டாம் பகுதியே உயிரானது. கொல் என்று எழுதிக் கையொப்பமிடும் தலைவர் சிலரே. செய்தி தம் செவிக்கு எட்டாதபடி கதவைச் சாத்திக்கொள்வோர் பலர்.

சயாம் பர்மா ரயில் பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். 415 கிலோமீட்டர் நீளம். 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தனர். மலேயாத் தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவரை, நல்ல கூலி என்று ஆசை காட்டியும் பலவந்தமாகப் பிடித்தும் கொண்டுபோயினர். அவர்களைக் கொல்லும்படி எவரும் ஆணையிடவில்லை. குறித்த காலத்தில் பாதை முடியவேண்டும் என்பதே ஆணை. காடும் மழையும் பசியும் காலராவும் மற்றதைச் செய்தன. மேலதிகாரிகளுக்கு வேலை எவ்வளவு நடந்தது என்ற கணக்கு ஒழுங்காகச் சென்றது.

இறந்த வெள்ளைப் போர்க்கைதிகளுக்கு அவர்கள் தோழரே இரகசியமாகக் குறிப்பேடு வைத்திருந்தனர். அதனால் இன்று காஞ்சனபுரியின் கல்லறைத் தோட்டத்தில் ஏறக்குறைய 7,000 கல்லறைகள் வரிசையாக, பெரும்பாலும் பெயர் பொறித்து நிற்கின்றன. தமிழ்த் தொழிலாளருக்கு அத்தகைய ஏடு இல்லை. எத்தனை பேர் போயினர், எத்தனை பேர் திரும்பவில்லை என்பதற்கு முழுப்பட்டியல் இன்றளவும் கிடையாது. அவ்வேட்டை வைக்கவேண்டியவர் அவர்களைக் கொண்டுபோன தலைவர்கள். வைத்திருந்தால், அவர்கள் வாசிக்க வேண்டியிருந்திருக்கும்.