அலமாரியைத் திறந்து பாருங்கள்

மயிலாப்பூர், அடையாறு பக்கம் வயதான பெற்றோர் சிலருக்கு ஒரே கவலை. மகனுக்கு நாற்பது வயது, அறிவுசார் குறைபாடு. "எங்களுக்கப்புறம் இவனை யார் பார்த்துப்பாங்க?" அதனால் மகன் தங்க நல்ல பராமரிப்பு இல்லமாகத் தேடுகிறார்கள்.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டப்படி, இல்லத்துக்குப் பதிவுச் சான்றிதழ் வேண்டும். அதைக் கண்ணில் படும் இடத்தில் மாட்டியிருக்க வேண்டும். முதலில் அதைப் பாருங்கள்.

சான்றிதழ் மட்டும் போதாது. அங்கே தங்கியிருப்பவர்களின் அலமாரியைத் திறந்து பாருங்கள். அவரவர் சட்டை அவரவருக்கா, இல்லை கைக்குக் கிடைத்ததை மாட்டிவிடுகிறார்களா? சொந்தச் சீப்பு உண்டா? காபியா, டீயா என்று அவரவரிடமே கேட்கிறார்களா? டைல்ஸ் பளபளப்பதெல்லாம் எனக்குப் பெரிதில்லை.

சாப்பாட்டு வேளையில், சொல்லாமல் கொள்ளாமல் ஒருநாள் போங்கள். "போன் பண்ணிட்டுத்தான் வரணும்" என்றால், ஏன் என்று கேளுங்கள்.