ஹூக்ளிக் கரைச் சணல் மில்கள்: பழைய படங்களில் யார் இருக்கிறார்கள்?



தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் அறுவடைக் காலத்தில் போனால் நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் ஒரு காட்சியைப் பார்க்கலாம். நெல்லைத் தூற்றி, 40 கிலோ வீதம் எடை போட்டு, சாக்கில் பிடித்து, வாயைத் தைத்து அட்டி போடுகிறார்கள். சாக்கு வரவில்லை என்றால் கொள்முதலே நின்றுவிடும். விவசாயி நெல்லைக் குவித்துவைத்து, மழைக்குப் பயந்து காத்துக் கிடக்க வேண்டியதுதான். அந்தச் சாக்குகளில் பெரும்பாலானவை மேற்கு வங்காளத்தில், கொல்கத்தாவைச் சுற்றியுள்ள சணல் மில்களில் நெய்யப்பட்டு ரயிலேறி வருபவை. அந்த மில்களையும், அவற்றைச் சுற்றி முளைத்த ஊர்களையும், அங்கே வாழ்ந்தவர்களையும் பற்றி, பழைய புகைப்படங்களை முன்வைத்து இன்று பேசலாம் என்றிருக்கிறேன்.

கொல்கத்தாவுக்கு வடக்கிலும் தெற்கிலும் ஹூக்ளி ஆற்றின் இரண்டு கரைகளிலும் இந்த ஊர்கள் வரிசையாக இருக்கின்றன. கிழக்குக் கரையில் பராநகர், டிட்டாகர், ஷ்யாம்நகர், ஜகத்தல், பாட்பாரா, நைஹாட்டி. மேற்குக் கரையில் ஹவுரா, ரிஷ்ரா, ஸ்ரீராம்பூர், பத்ரேஸ்வர். தெற்கே பட்ஜ் பட்ஜ். சியால்தாவிலிருந்து நைஹாட்டி போகும் லோக்கல் ரயிலில் ஏறினால், ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் மில்லின் செங்கல் சுவரும் புகைபோக்கியும் கூடவே வரும்.

இந்தக் கதை 1855-இல் ரிஷ்ராவில் தொடங்கியது. ஜார்ஜ் ஆக்லண்ட் என்ற ஆங்கிலேயரும், அவருக்கு முதல் போட்ட பிஷம்பர் சென் என்ற வங்காளியும் சேர்ந்து, ஸ்காட்லாந்தின் டண்டீ நகரத்திலிருந்து இயந்திரம் தருவித்து முதல் சணல் நூற்பாலையை நிறுவினார்கள். அதுவரை வங்காளத்துச் சணல் கப்பலேறி டண்டீக்குப் போய், அங்கேதான் நூலாகவும் துணியாகவும் மாறியது. 1859-இல் பராநகரில் விசைத்தறி வந்தது. சணல் விளைகிற நாட்டிலேயே, குறைந்த கூலிக்கு ஆள் கிடைக்கும் இடத்தில் மில் போட்டால் லாபம் என்பது கம்பெனிகளுக்குப் புரிந்தது. இருபதாம் நூற்றாண்டு பிறப்பதற்குள் கொல்கத்தா டண்டீயை முந்திவிட்டது. முதல் உலகப் போரில் பதுங்குகுழிகளுக்கு முன்னால் அடுக்கிய மணல் மூட்டைகளுக்கான சாக்குகள் இந்தக் கரையிலிருந்து கோடிக்கணக்கில் போயின. 1920-களின் கடைசியில் மூன்று லட்சத்துக்கும் அதிகமானோர் இந்த மில்களில் வேலை பார்த்தார்கள்.

புகைப்படக் கலையும் ஏறக்குறைய இதே காலத்தில்தான் கொல்கத்தாவில் வேரூன்றியது. ஃபிரெடரிக் ஃபீபிக் என்பவர் 1851-ஐ ஒட்டி இந்த நகரத்தைப் படம் பிடித்து, படங்களுக்குக் கையால் வண்ணம் தீட்டினார். நம் சென்னையையும் அவர் படம் பிடித்திருக்கிறார். 1856-இல் வங்காளப் புகைப்படச் சங்கம் பிறந்தது. 1860-களில் போர்ன் அண்ட் ஷெப்பர்ட் ஸ்டூடியோ, 1880-களில் ஜான்ஸ்டன் அண்ட் ஹாஃப்மன் என்று பெரிய நிறுவனங்கள் வந்தன.

அந்தக் காலத்துக் கொல்கத்தாத் தெருக்களின் படங்களைப் பார்க்கிறவர்கள், தெருக்கள் இவ்வளவு வெறிச்சோடிக் கிடந்தனவா என்று வியப்பார்கள். உண்மை அதுவல்ல. கேமரா அன்று ஒரு காட்சியை உள்வாங்கப் பல விநாடிகள் எடுத்துக்கொண்டது. அசையாமல் நின்ற கட்டடமும் தூணும் துல்லியமாகப் பதிந்தன. தலைச்சுமையோடு நடந்த கூலியும், வண்டியோட்டியும், தண்ணீர் சுமந்தவரும் பதியாமல் போனார்கள். மிஞ்சினால் ஒரு புகைமூட்டமாகத் தெரிந்தார்கள். வேலை செய்துகொண்டிருந்தவர்கள்தான் படத்திலிருந்து மறைந்தவர்கள். பழைய படங்களைப் பார்க்கும்போது இதை நாம் மறக்கவே கூடாது.

பிறகு கேமரா வேகம் பெற்றது. ஆனால் அது யார் கையில் இருந்தது என்ற கேள்வி அப்படியே நின்றது. அறிஞர் ராஜேந்திரலால் மித்ரா வங்காளப் புகைப்படச் சங்கத்தின் தொடக்க கால உறுப்பினர், அதன் பொருளாளர். 1857-இல் ஒரு பொதுக்கூட்டத்தில், அவுரித் தோட்ட வெள்ளையர்கள் குடியானவர்களை நடத்தும் விதத்தைக் கண்டித்து அவர் பேசினார். சங்கத்திலிருந்த ஐரோப்பியர்கள் கொதித்தெழுந்து அவரை வெளியேற்றினார்கள். உழைப்பவனுக்காக வாய் திறந்தவருக்குக் கேமராக்காரர்களின் சபையில் இடமில்லை என்பது அன்றைய நிலைமை.

சணல் மில் படங்களும் அந்த உலகத்தில் பிறந்தவைதான். டிட்டாகர், ஷ்யாம்நகர் மில்களை நடத்திய தாமஸ் டஃப் கம்பெனியின் ஆவணங்கள் இன்று டண்டீ பல்கலைக்கழகக் காப்பகத்தில் இருக்கின்றன. இப்படிப்பட்ட கம்பெனிகள் படம் எடுக்கச் சொன்னதன் நோக்கம், கடல் கடந்து இருக்கும் பங்குதாரர்களுக்குச் சொத்தைக் காட்டுவது. ஆகவே புது எஞ்சின், புதுத் தறிக்கூடம், ஆற்றைப் பார்த்த மேலாளர் பங்களா, டென்னிஸ் மைதானம் ஆகியவை படத்தின் நடுவில் வந்தன. தொழிலாளி பெரும்பாலும் இயந்திரம் எவ்வளவு பெரியது என்று காட்டும் அளவுகோலாகவே நின்றார். படத்தின் கீழே இயந்திரம் செய்த கம்பெனியின் பெயர் இருக்கும். அதை ஓட்டியவரின் பெயர் இருக்காது.

ஆனாலும் நேயர்களே, படம் எடுக்கச் சொன்னவர் காட்ட நினைக்காததையும் கேமரா பிடித்துவைத்துவிடுகிறது. ஒரு தறிக்கூடப் படத்தை எடுத்துக்கொள்வோம். ரம்பப் பல் போன்ற கூரை; அதன் வடக்குச் சரிவில் கண்ணாடி; அதன் வழியே நிழல் விழாத சீரான வெளிச்சம். கூரைக்கடியில் நீளமான இரும்புத் தண்டு ஓடுகிறது. அதிலிருந்து தறிக்கொரு தோல் பெல்ட் இறங்குகிறது. அந்தப் பெல்ட்டுகளைச் சுற்றி எந்தத் தடுப்பும் இல்லை. அடியில் வெறுங்காலும் மடித்துக் கட்டிய வேட்டியுமாக நெசவாளர்கள். வேட்டி நுனி பெல்ட்டில் மாட்டினால் என்ன ஆகும் என்பதை யாரும் சொல்லத் தேவையில்லை.

கூரையிலிருந்து சில மின்விளக்குகளும் தொங்கும். பார்க்கிறவர்களுக்கு அது முன்னேற்றத்தின் அடையாளம். மில்காரர்களுக்கு அதன் பொருள் வேறு. விளக்கு வருவதற்கு முன்னால், பொழுது சாய்ந்தால் மில் நின்றாக வேண்டும். 1890-களில் மின்விளக்கு வந்தபின் இருட்டிய பிறகும் தறி ஓடியது. வேலை நேரம் நீண்டது. படத்திலுள்ள ஒரு சின்ன பல்பு, ஒரு தொழிலாளி குடும்பத்தின் இராப்பொழுது எங்கே போனது என்பதைச் சொல்லிவிடுகிறது.

நூற்புப் பகுதிப் படங்களில் ஓரத்தில் சிறுவர்கள் நிற்பார்கள். கதிரில் நூல் நிறைந்ததும் இயந்திரம் நிற்கும். சிறுவர்கள் ஓடிப்போய் நிறைந்த பாபின்களைப் பிடுங்கிவிட்டு வெறும் பாபின்களைச் செருக வேண்டும். 1881-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் ஏழு வயதுக் குழந்தையையே வேலைக்கு அனுமதித்தது, நாளுக்கு ஒன்பது மணி நேரம்! 1891-இல் அந்த வயது ஒன்பதானது; 1922-இல்தான் பன்னிரண்டானது.

சாக்குத் தைக்கும் கூடத்திலும், கச்சாச் சணலைப் பிரித்து எண்ணெய்த் தண்ணீர் தெளித்துப் பதப்படுத்தும் கூடத்திலும் பெண்கள் தெரிவார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தொழிலாளர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் பெண். 1970-களுக்குள் அவர்களில் மிகச் சிலரே மிஞ்சினார்கள். இயந்திரம் வந்தது, சட்டம் வந்தது, ஆட்குறைப்பு வந்தது. ஒவ்வொரு முறையும் முதலில் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள் பெண்கள்தான். இதை வரலாற்றாசிரியர் சமிதா சென் விரிவாக ஆராய்ந்து எழுதியிருக்கிறார். பழைய படங்கள் இல்லாவிட்டால், இந்த மில்களில் இத்தனை பெண்கள் வேலை பார்த்தார்கள் என்று சொன்னால் நம்புவதற்கே ஆள் இருக்காது.

இந்தத் தொழிலாளர்கள் பெரும்பாலும் உள்ளூர்க்காரர்கள் அல்லர். பீகாரின் சாரண், உத்தரப் பிரதேசத்தின் பலியா, காஜிப்பூர், ஒடிசாவின் கட்டாக் மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள். அன்றைய சென்னை மாகாணத்தின் கஞ்சம், விசாகப்பட்டினம் பகுதிகளிலிருந்து தெலுங்கர்களும் போனார்கள். அங்கே அவர்களுக்கு 'மதராசி' என்றே பெயர். டிட்டாகரில் இன்றும் தெலுங்குக் குடும்பங்கள் இருக்கின்றன.

விடியுமுன் மில் சங்கு ஊதும். கூலி லைன் என்ற தொழிலாளர் குடியிருப்பு வரிசையில் ஒரே அறையில் பலர் முறைவைத்துத் தூங்கி எழுவார்கள். ஆள் சேர்த்து வேலை வாங்கும் சர்தாருக்கு மாமூல் கொடுத்தால்தான் வேலை நிலைக்கும். வாரக் கூலிக்கு 'ஹப்தா' என்று பெயர். ஹப்தா நாளில் மில் வாசலில் கையில் தடியோடு காபூலிகள் காத்து நிற்பார்கள். நம் ஊரில் ஈட்டிக்காரன் என்று சொன்னோமே, அதே வட்டிக்காரர்கள்தான். கூலி கைக்கு வந்து கொஞ்ச நேரத்திலேயே வட்டிக்குப் போய்விடும். பங்களா படங்களில் இந்த வாசல் இல்லை.

தொழிலாளர்கள் வாய் மூடிக் கிடந்தார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. 1929-இல் வார வேலை நேரத்தை 54 மணியிலிருந்து 60 மணியாக உயர்த்தியபோது மில்லுக்கு மில் வேலைநிறுத்தம் பரவியது. அதை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர் பிரபாவதி தாஸ்குப்தா என்ற பெண்மணி. 1937-இல் மீண்டும் ஒரு மாபெரும் வேலைநிறுத்தம் நடந்தது.

மெல்ல மெல்லக் கேமரா கைமாறியது. 1943-ஆம் ஆண்டின் வங்காளப் பஞ்சத்தைப் படம் பிடித்து உலகத்தின் மனசாட்சியை உலுக்கிய சுனில் ஜானா, பின்னாளில் நிலக்கரிச் சுரங்கம், எஃகு ஆலை, தேயிலைத் தோட்டம் என்று உழைப்பவர்களைத் தேடிப் போனார். அவருடைய படங்களில் மனிதர் நடுவில் இருக்கிறார்; இயந்திரம் பின்னால் போய்விடுகிறது. 1945-இல் அமெரிக்க ராணுவப் புகைப்படக்காரர் கிளைட் வாடெல், ரிக்‌ஷா இழுப்பவர், கடைத்தெரு, ஆற்றங்கரை என்று கொல்கத்தாவின் அன்றாடத்தை 60 படங்கள் கொண்ட தொகுப்பாக்கினார்.

உலகத்தின் வேறொரு மூலையில் இதே வேலையை முன்பே செய்த ஒருவரை இங்கே நினைவுகூர வேண்டும். அமெரிக்காவின் அப்பலேச்சிய மலைத்தொடரை ஒட்டி நிலக்கரிச் சுரங்க ஊர்களும் பஞ்சாலை ஊர்களும் இருந்தன. வீடு கம்பெனியுடையது, கடை கம்பெனியுடையது. ஏறக்குறைய நம் கூலி லைன் வாழ்க்கைதான். 1908 முதல் லூயிஸ் ஹைன் என்ற ஆசிரியர் கேமராவைத் தூக்கிக்கொண்டு அந்த ஊர்களுக்குப் போனார். குழந்தைகளைப் படம் எடுத்ததோடு நிற்கவில்லை. பெயர், வயது, எத்தனை நாளாக வேலை என்றெல்லாம் கேட்டுக் குறித்துக்கொண்டார். தன் சட்டைப் பொத்தானை அடையாளமாக வைத்து, குழந்தையின் உயரத்தைக்கூட அளந்து எழுதினார். படமும் குறிப்பும் சேர்ந்து சாட்சியமாயின. குழந்தை உழைப்புக்கு எதிரான சட்டங்கள் பிறக்க அவை துணைநின்றன. பெயர் இல்லாத படத்தைப் பார்த்துப் பரிதாபப்படலாம். பெயரோடு உள்ள படம் நியாயம் கேட்கும்.

கொல்கத்தாவுக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை. இருந்ததிலும் நிறைய அழிந்துவிட்டது. போர்ன் அண்ட் ஷெப்பர்ட் நிறுவனத்தில் 1991-இல் பற்றிய தீயில் பழைய நெகட்டிவ்களில் பெரும்பகுதி போயிற்று. 2016-இல் அந்த ஸ்டூடியோவே மூடப்பட்டது. கொல்கத்தாவின் சமூக அறிவியல் ஆய்வு மையம் பழைய படங்களையும் அச்சுப் பொருள்களையும் தேடிச் சேர்த்து எண்மப்படுத்திவருகிறது. பாராட்ட வேண்டிய பணி. மில்களின் கதையும் இறங்குமுகம்தான். 1947-இல் மில்கள் மேற்கு வங்காளத்திலும், சணல் வயல்கள் பெரும்பாலும் கிழக்குப் பாகிஸ்தானிலும் என்று நாடு பிரிந்தது முதல் அடி. பிளாஸ்டிக் சாக்கு இரண்டாவது அடி. உணவு தானியத்தைச் சணல் சாக்கில்தான் கட்ட வேண்டும் என்ற 1987-ஆம் ஆண்டுச் சட்டம்தான் இன்று பல மில்களுக்கு உயிர்மூச்சு.

இதெல்லாம் வங்காளத்து விஷயம் என்று நாம் ஒதுங்க முடியாது. பெரம்பூர் பின்னி மில் மூடிவிட்டது. கோலார் தங்க வயலில் தலைமுறை தலைமுறையாகச் சுரங்கத்துக்குள் இறங்கியவர்களில் நம் தமிழர்கள் ஏராளம். அதுவும் 2001-இல் மூடிவிட்டது. கோவை, மதுரை, பாபநாசம் என்று மில் சங்கு கேட்டு எழுந்த ஊர்கள் நமக்கும் உண்டு. அந்தத் தொழிலாளர்களின் படங்கள் கம்பெனி ஆல்பத்தைவிட அவர்கள் வீடுகளில்தான் அதிகம் இருக்கும்: தொழிற்சங்கக் கூட்டம், ஆயுதபூஜை, பணி ஓய்வு நாளில் மாலையோடு நிற்கும் படம்.

ஆகவே நேயர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டில் அப்படி ஒரு படம் இருந்தால், விவரம் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே அவர்களைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேளுங்கள். இவர் யார், எந்த மில், எந்தப் பகுதி, எந்த வருஷம் என்று கேட்டு, படத்தின் பின்பக்கம் மெல்லிய பென்சிலால் எழுதிவையுங்கள். ஒரு நகல் எடுத்து உங்கள் ஊர் நூலகத்துக்கோ, கல்லூரி வரலாற்றுத் துறைக்கோ கொடுங்கள். இயந்திரத்தின் பெயரைக் கம்பெனி எழுதிவைத்துவிட்டது. அதை ஓட்டியவரின் பெயரை எழுத வேண்டியவர்கள் நாம்தான்.