கோலும் கையும்

திருகோணமலைத் துறைமுகத்தின் உட்கடலை அணைத்துக் கிடக்கும் சீனன்குடாவை நேயர்கள் பலரும் இருவகையாக அறிவார்கள். 1942ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 9ஆம் திகதி யப்பானிய விமானங்கள் குண்டு வீசிய இடம் என்பது ஒன்று. காட்டினூடே வரிசையாக நிற்கும் பெரும் எண்ணெய்த் தாங்கிகள் உள்ள இடம் என்பது மற்றொன்று. மூன்றாவது அடையாளம் ஒன்றும் அதற்கு உண்டு. இலங்கை விமானப்படையினர் பேணிவரும் 'ஈகிள்ஸ்' என்னும் கோல்ப் மைதானம் அங்கேதான் இருக்கிறது. ஆங்கிலேயர் கொண்டுவந்த இவ்வாட்டத்துக்குக் கொழும்பில் 1879ஆம் ஆண்டிலேயே கழகம் தோன்றிவிட்டது. பின்னர் நுவரெலியாவின் குளிர்ந்த புற்றரையிலும் அது வேரூன்றியது. ஆனால் மலைநாட்டுக் குளிரில் ஆடுவது வேறு, கடலோர வெயிலில் உப்புக்காற்றுக்கு முகங்கொடுத்து ஆடுவது வேறு. அந்த வேறுபாடு ஆட்டக்காரரின் கையிலுள்ள கருவிவரைக்கும் சென்று பற்றுகிறது.

கோல்ப் என்னும் பெயர், தடியைக் குறிக்கும் ஓர் ஒல்லாந்துச் சொல்லிலிருந்து பிறந்தது என்று கருதுவோர் பலர். அப்பெயர் தமிழ்ச் செவியில் 'கோல்' என்று தொடங்குவது தற்செயலே. எனினும் பொருத்தமான தற்செயல். அளவுகோல், எழுதுகோல், துலாக்கோல் எனப் பல கோல்களைக் கண்ட மொழிக்கு இன்னுமொரு கோல் பாரமாகாது. ஆகவே அந்த ஆடுகருவியை இங்கே கோல் என்றே வழங்கலாம்.

ஓர் ஆட்டத்துக்கு ஒருவர் பதினான்கு கோல்கள் வரைதான் கொண்டுசெல்லலாம் என்பது விதி. அமெரிக்காவில் 1938ஆம் ஆண்டிலும் பிரித்தானியாவில் 1939ஆம் ஆண்டிலும் இவ்வரம்பு வந்தது. அதற்குமுன் இருபதுக்கு மேற்பட்ட கோல்களைச் சுமந்தோரும் இருந்தனர். சுமந்தோர் என்பது பேச்சுவழக்கு, உண்மையிற் சுமந்தவன் பையைத் தூக்கிய பையனே. இத்தனை கோல்கள் எதற்கு என்று கேட்பவருக்கு விடை, கோலின் முகச்சாய்வில் இருக்கிறது. நெடுந்தூரத்துக்கு அடிக்கும் டிரைவரின் முகம் பத்துப் பாகையளவே சாய்ந்திருக்கும். மணற்குழியிலிருந்து பந்தைக் கிளப்பும் வெட்ஜின் முகமோ 56 பாகையளவுக்கு மல்லாந்திருக்கும். சாய்வு கூடக்கூடப் பந்து உயர எழுந்து விரைவில் விழும். இவ்விரு எல்லைகளுக்கும் இடையிலுள்ள தூரங்களைப் படிப்படியாக நிரப்புவனவே ஏனைய கோல்கள்.

புதிதாக ஆடவந்தவர் கடையில் கோலை எடுத்ததும் அதன் பளபளப்பையும் பெயரையும் பார்ப்பார். பொருளுக்காக அன்றிப் பொழுதுக்காக ஆடி, இருபது முப்பது ஆண்டுகள் பழகிய அமெச்சூர் அதைப் பார்ப்பதில்லை. அவர் கோலின் அடிப்புறத்தைத் தரையில் வைத்து நிற்பார். தமது இயல்பான நிலையில் நிற்கும்போது அந்த அடிப்புறம் தரையோடு படிகிறதா, நுனி தூக்குகிறதா, குதி தூக்குகிறதா என்பதே அவர் முதலிற் கேட்கும் கேள்வி. வலக்கை ஆட்டக்காரருக்குக் கோலின் நுனி உயர்ந்து நின்றால் பந்து இடப்புறம் போகும். குதி உயர்ந்தால் வலப்புறம் போகும். எத்தனையோ பேர் தம் தோளையும் மணிக்கட்டையும் குறைகூறி ஆண்டுக்கணக்கில் வருந்தியிருக்கிறார்கள். குற்றமோ இரண்டு பாகைக் கோணத்தில் இருந்திருக்கும்.

இதைக் கண்டறியப் பெரிய பொறி வேண்டியதில்லை. கோலின் அடிப்புறத்தில் ஒட்டுத்தாள் ஒன்றை ஒட்டி, பலகை ஒன்றின்மேற் பந்தை வைத்து அடித்தால், தாள் எங்கே உராய்ந்திருக்கிறதோ அதுவே சாட்சி. நடுவில் உராய்ந்தால் நன்று. குதிப்பக்கம் உராய்ந்தாற் கோணத்தைத் தாழ்த்தவேண்டும்; நுனிப்பக்கம் உராய்ந்தால் நிமிர்த்தவேண்டும். அடித்து உருவாக்கிய இரும்புத் தலையை இரண்டொரு பாகை வளைக்கலாம். அச்சில் வார்த்த தலை அவ்வளவு இணங்காது, சிலவேளை முறிந்தும்போகும். பழகியவர் பலர் அடித்துருவாக்கிய கோலையே விரும்புவதற்கு அது கைக்குத் தரும் மென்மையைக் காரணமாகச் சொல்வர். திருத்தத்துக்கு இடங்கொடுக்கும் அதன் குணம் அதைவிடப் பெரிய காரணம்.

கோலின் நீளத்தை ஆளின் உயரத்தைக்கொண்டு மட்டும் முடிவுசெய்வது பிழை. நெட்டையானவருக்குக் கையும் நீளமாயிருந்தால் சாதாரண நீளமே போதும். நிமிர்ந்து நிற்கையில் மணிக்கட்டுக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியே சரியான அளவு. கைப்பிடியின் பருமனுக்கும் எளிய சோதனை உண்டு: இடக்கையாற் பிடிக்கும்போது நடுவிரலும் மோதிரவிரலும் உள்ளங்கையின் மேட்டை மெல்லத் தொடவேண்டும். விரல்கள் உள்ளங்கையிற் புதைந்தாற் பிடி மெலிது. தொடாமல் நின்றாற் பிடி தடித்தது. மெலிந்த பிடியைத் தடிக்கச்செய்ய உள்ளே ஓரிரு சுற்று ஒட்டுநாடா போதும். திருகோணமலையில் இதனோடு வியர்வையும் சேர்கிறது. ஆதலால் நூலிழை கலந்த, சற்றுச் சொரசொரப்பான இறப்பர்ப் பிடியை இங்கே தேர்வது அறிவுடைமை.

தண்டைப் பற்றிச் சொல்லும்போதுதான் மனிதரின் மனமும் உடலும் மோதுகின்றன. முன்னாளில் ஹிக்கரி மரத்தாலான தண்டுகள் இருந்தன. பிரித்தானிய விதிகள் உருக்குத் தண்டை 1929ஆம் ஆண்டில் ஏற்றன. பின்னர் காபன் இழைத் தண்டு வந்தது. உருக்குத் தண்டு பெரும்பாலும் நூறு கிராமுக்கு மேல் இருக்கும். டிரைவருக்குப் பொருத்தும் காபன் தண்டோ அதிற் பாதியளவே இருக்கும். முப்பது வயதில் விறைத்த உருக்குத் தண்டை வீசியவர், ஐம்பத்தைந்து வயதிலும் அதையே வீச விரும்புகிறார். வேகம் குறைந்த வீச்சிலே விறைத்த தண்டு தன் வேலையைச் செய்யாது; பந்து தாழ்ந்து வலப்புறம் சரியும். இலேசான, நன்கு வளையும் தண்டுக்கு மாறினால் இழந்த தூரத்திற் சிறிது மீளும். இது தெரியாதவர் எவருமில்லை. ஆனால் மாறுவதென்றால், உடன் ஆடுவோர் பார்க்கத் தம் வலிமை குறைந்ததை ஒப்புக்கொள்ளவேண்டும். நெடிய இரும்புக் கோலைப் பையிலிருந்து எடுத்துவிட்டு, அதற்குப் பதிலாகப் பருத்த தலையுள்ள ஹைபிரிட் கோலை வைத்துக்கொள்ளச் சிலருக்குப் பத்தாண்டு பிடிக்கிறது. அந்தப் பத்தாண்டும் அவர்கள் அந்த நெடுங்கோலாற் பந்தை உருட்டிக்கொண்டே இருப்பார்கள். மானத்துக்காகச் சுமக்கும் இரும்பு அது.

கோல்களில் எழுதியுள்ள இலக்கங்களை நம்புவதிலும் பழகியவர் எச்சரிக்கையாயிருப்பார். ஒரு தலைமுறைக்கு முன் ஏழாம் இலக்க இரும்பின் சாய்வு 34 பாகையளவில் இருந்தது. இன்று 30 பாகையாகவும் அதற்குக் குறைவாகவும் செய்கிறார்கள். பந்து தூரம் போகிறது, வாங்கியவர் மகிழ்கிறார், உண்மையில் அவர் அடித்தது பழைய ஆறாம் இலக்கத்தை. இதன் விளைவு பையின் மறுமுனையில் தெரியும். கடைசி இரும்பு 44 பாகையில் நின்றுவிட, மணற்குழி வெட்ஜ் 56 பாகையில் இருக்கிறது. இடையே பன்னிரண்டு பாகை வெற்றிடம். ஏறத்தாழ எண்பது தொண்ணூறு யார் தூரத்தில் கைகொடுக்கக் கோல் இல்லை. 50 பாகைக் கோல் ஒன்றை அங்கே சேர்ப்பவர் விடயம் அறிந்தவர்.

இனி நிலமும் காற்றும். கிழக்குக் கரையில் வைகாசி தொடங்கி வறண்ட கச்சான் காற்று மேற்கிலிருந்து வீசும். மலைகளைத் தாண்டி ஈரமிழந்து வரும் அக்காற்றிலே புல் கருகும், தரை ஓடுபோல் இறுகும். மணற்குழிக்கென்று அடிப்புறம் புடைத்துச் செய்யப்பட்ட வெட்ஜ் அத்தகைய தரையிற் பட்டுத் துள்ளி, பந்தின் வயிற்றைத் தாக்கும். பந்து பசுந்தரையைக் கடந்து ஓடிவிடும். அக்காலத்துக்குப் புடைப்புக் குறைந்த அடிப்புறமே ஏற்றது. ஐப்பசிக்குப் பின் வாடை மழை பெய்து நிலம் நெகிழ்ந்ததும் அதே மெல்லிய அடிப்புறம் சேற்றிற் புதையும். அப்போது புடைத்ததுதான் காக்கும். ஆகவே குடாவோரத்தில் ஆண்டுமுழுதும் ஆடுபவர் ஒரே சாய்வில் இரண்டு வெட்ஜ்கள் வைத்துக்கொண்டு, பருவத்துக்கு ஒன்றாக எடுத்துச்செல்வது வீண்செலவன்று. எதிர்க்காற்றிலே பலங்கொண்டு அடிப்பது பேதைமை. பந்தின் சுழற்சி மிகுந்து அது மேலும் உயரும். பெரிய கோலொன்றைத் தாழப் பிடித்து மெல்ல வீசுவதே இங்கே செல்லும் முறை.

இவ்வளவு அளவுகளுக்கும் முந்தியது கையின் உணர்வு. அமெரிக்கரான பொபி ஜோன்ஸ் தொழிலால் வழக்கறிஞர். கடைசிவரை அமெச்சூராகவே போட்டியாடியவர். 1930ஆம் ஆண்டில் பிரித்தானியா, அமெரிக்கா ஆகிய இரு நாடுகளின் பகிரங்கப் போட்டிகளையும் அமெச்சூர்ப் போட்டிகளையும் ஒருசேர வென்று, இருபத்தெட்டாம் வயதிலே போட்டியாட்டத்திலிருந்து விலகினார். அவர் தம் மரத்தண்டுக் கோல்களை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து அசைத்துப் பார்த்தே தேர்ந்தார். பிற்காலத்தில் அவற்றைக் கருவிகொண்டு சோதித்தபோது, ஒன்றைத் தவிர எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தியிருந்தன என்றும், பொருந்தாத அந்த ஒன்றே அவருக்கு எப்போதும் தொல்லை கொடுத்தது என்றும் ஆட்ட வரலாறு கூறுவோர் சொல்வர். அளவுகோல் பின்னாற் சொன்னதை அவருடைய கை முன்னமே சொல்லியிருந்தது.

அந்த உணர்வைப் பெறுவதற்குச் சிறிய திருத்தங்களே துணை. தலையின் பின்புறம் இரண்டு கிராம் ஈயநாடாவை ஒட்டினாலே, வீசும்போது கோலின் கனம் வேறாகத் தோன்றும். சில டிரைவர்களில் முகத்தின் கோணத்தைத் திருகாணியால் மாற்றலாம். 2008ஆம் ஆண்டு முதல் விதிகள் இதற்கு இடமளிக்கின்றன. ஆனால் ஆட்டம் தொடங்கிய பின் ஆணியையோ நாடாவையோ தொட்டுக் கோலின் தன்மையை மாற்றக்கூடாது. காலையிற் செய்த தெரிவோடு பதினெட்டுக் குழிகளையும் முடித்தாகவேண்டும். அறிந்தவர் ஒருநாளில் ஒன்றையே மாற்றுவார். நீளம், கனம், கோணம் மூன்றையும் ஒருங்கே மாற்றினால், நன்மை எதனால் வந்தது, தீமை எதனால் வந்தது என்று தெரியாமற் போகும்.

பந்தைக் குழிக்குள் உருட்டும் கோலை மட்டும் பழகியவர் எளிதில் மாற்றுவதில்லை. இருபது ஆண்டுக் கோலும் அங்கே இளங்கோல்தான். ஆனால் அதையும் கடற்காற்று விடாது. குடாவோரத்தில் ஆடிவிட்டுக் கோல்களை ஈரத்தோடு பையிற் போட்டால் ஒரு வாரத்திற் கறள் எட்டிப்பார்க்கும். நன்னீரால் தலைகளைக் கழுவித் துடைத்து, முலாம் பூசாத இரும்புக்கு மெல்லிய எண்ணெய் தடவி வைக்கவேண்டும். எண்ணெய் கைப்பிடியிற் படலாகாது, அதற்குச் சவர்க்கார நீரே போதும். நண்பகலில் மோட்டார் வண்டியின் பின்பெட்டியிலும் அவற்றைப் பூட்டிவைக்கக்கூடாது. தலையையும் தண்டையும் பிணைக்கும் பசை அந்த வெப்பத்தில் இளகும். அடுத்த முறை வீசும்போது பந்து நின்ற இடத்திலேயே நிற்க, கோலின் தலை மட்டும் குடாவை நோக்கிப் பறந்துவிடக்கூடும்.